அரை நூல்

வேதநாயகி என் கடைப் படியேறியது அதுதான் முதல் தடவை. பெங்களூர் ஆடுகோடியில், கோவிந்தராஜ் கடை என்று, முப்பது வருஷமாக மோட்டாருக்குக் காயில் கட்டுகிறேன். எரிந்த பம்பு, நின்றுபோன கிரைண்டர் என்று எதுவானாலும் ஆண்பிள்ளைகள்தான் தோளில் தூக்கிக்கொண்டு வருவார்கள். பெண்கள் வந்தால் மிக்சியோடு வருவார்கள், அதுவும் அரை மணியில் வேண்டும் என்பார்கள். இவள் தூறலில் நனைந்துகொண்டு வந்து, முந்தானைக்குள்ளிருந்து இரண்டு ப்ளைவுட் பட்டிகளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். தலையெல்லாம் ஈரம். பட்டி மட்டும் நனையாமல் வந்திருந்தது.

“அண்ணா, மெஷினு கோணலா அறுக்குது. நீங்க வந்து ஒருதபா பாக்கணும்.”

“சிவா எங்க?”

“தொம்மலூரு சைட்டுல. நான் இங்க வந்தது அவருக்குத் தெரியாது.”

சிவசங்கரன் அவள் வீட்டுக்காரன். தச்சு வேலை. திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து, என் கடைக்குப் பின்னால் உள்ள சந்தில் பதினெட்டு வருஷமாகக் குடியிருக்கிறான். கையில் வேலை இருக்கும்போது விசிலடித்துக்கொண்டே சந்தைத் தாண்டுவான். கொஞ்ச நாளாக விசில் கேட்கவில்லை என்பது அவள் வந்து நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

அந்த மெஷினில் எனக்கும் பாதி பங்கு உண்டு என்று சொல்லிக்கொள்வேன். தொம்மலூரில் சுப்ரியா மேடமும் அவர் கணவரும் அமெரிக்காவிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது, கப்பலில் வந்த சாமான்களோடு அதுவும் வந்தது. அங்கே கணவர் வாரக்கடைசியில் பறவைக்குக் கூடு செய்து பழகினாராம். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்தபின் அவருக்கு வாரக்கடைசி என்ற ஒன்றே இல்லாமல் போனது. வீட்டுக்கு அலமாரி செய்ய வந்த சிவசங்கரனிடம், எடுத்துக்கொண்டு போங்கள் என்று கொடுத்துவிட்டார்கள். அந்த ஊர் மெஷின் நூற்றுப்பத்து வோல்ட் குடிக்கும். நம்ம கரண்டில் நேரே சொருகியிருந்தால் அன்றைக்கே புகைந்திருக்கும். சிவசங்கரன் புத்தியுள்ளவன், முதலில் என்னிடம் வந்தான். இரண்டு பேர் சேர்ந்து தூக்குகிற கனத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர் சுற்றிக் கொடுத்தேன். அதற்குப்பின் ஒன்றரை வருஷம் அந்த மெஷின் அவனுக்கு மூன்று ஆள் வேலை செய்தது. இப்போது அதே மேடம் வீட்டுச் சமையலறையைத்தான் செய்துகொண்டிருந்தான்.

அது ஒரு பெரிய சூட்கேஸ் அகலத்துக்கு அலுமினிய மேஜை. நடுவில் ஒரு பிளவு. அதிலிருந்து வட்ட பிளேடு தலை நீட்டிக்கொண்டு சுற்றும். பிளேடுக்கு வலப்பக்கம் நீளமாக ஒரு கட்டை, அதை நாங்கள் கைடு என்போம். பலகையை இடது கையால் கைடோடு அழுத்திப் பிடித்து, வலது கையால் முன்னே தள்ள வேண்டும். கைடுக்கும் பிளேடுக்கும் எவ்வளவு இடைவெளியோ அந்த அகலத்துக்குப் பட்டி வரும். சூட்சுமம் அவ்வளவுதான்.

வேதநாயகி கொண்டுவந்த பட்டிகளை அளந்து பார்த்தேன். இரண்டு தப்பு இருந்தது. ஒன்று, வெட்டின ஓரம் நேர்க்குத்தாக இல்லாமல் லேசாகச் சாய்ந்திருந்தது. இன்னொன்று அகலம். ஒரு நுனியில் சரியாக நாலு அங்குலம், மறு நுனியில் அரை நூல் குறைவு. அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் அதில் ஒன்றுதான் ஒரு நூல். அரை நூல் என்பது ஒரு தீக்குச்சித் தடிமன்கூட இல்லை. அவ்வளவு தப்பினால் போதும், அலமாரிக் கதவு மூடாது.

“எப்ப இருந்து இப்படி?”

“ஆயுதபூஜ முடிஞ்சதுல இருந்துண்ணா. அலமாரி ஷட்டர மாட்டறாரு, கழட்டறாரு, மாட்டறாரு. மேடம் ஒரு வார்த்த சொல்லல, அதுவே இவருக்குத் தாங்கல. ஊட்டுக்கு வந்தா பேசறதே இல்ல. கையப் பாத்துக்கினே ஒக்காந்துருக்காரு.” மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “மெஷின்லதானேண்ணா கோளாறு?”

“பாத்தாதானேம்மா தெரியும்” என்றேன். அவளுக்கு வேண்டியிருந்த பதில் அதுவல்ல என்று தெரிந்தும் சொன்னேன்.

மறுநாள் காலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு தொம்மலூருக்குப் போனேன். லிஃப்டில் லாரிக்காரர்கள் மார்பிள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சிவசங்கரன் கீழே வந்து என் பெட்டியை வலது கையில் வாங்கிக்கொண்டு படியேறினான்.

“வேதா வந்து சொன்னாளா?”

“இல்லப்பா. டிரான்ஸ்பார்மர் சூடாவுதான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

“ஒனக்குப் பொய் சொல்ல வரலண்ணா” என்று சிரித்தான்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவனுடைய இடது கால் செருப்பு ஒரு படியில் தங்கிவிட்டது. அவன் பாட்டுக்கு மேலே போய்க்கொண்டிருந்தான். செருப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய், “செருப்ப உட்டுட்டுப் போறியே, இன்னும் கோயிலே வரலியே” என்றேன். திரும்பிக் காலைப் பார்த்தான். வெறுங்கால் என்பதே அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. “வாரு தேஞ்சிபோச்சி” என்றான். வார் புதுசாக இருந்தது.

கோளாறு கண்டுபிடிப்பதில் எனக்கு ஒரு திமிர் உண்டு. எந்த மெஷினும் என்னை ஏமாற்றியதில்லை. முதலில் சிவசங்கரன் கழற்றி ஜன்னலில் வைத்திருந்த தகட்டுக்காக ஒரு திட்டுத் திட்டினேன். பிளேடுக்குப் பின்னால் நிற்க வேண்டிய தகடு அது, அறுபட்ட பலகை மீண்டும் பிளேடைக் கவ்வாமல் பார்த்துக்கொள்ளும். அது வழியை மறைக்கிறது என்று எல்லாத் தச்சர்களும் கழற்றிவிடுவார்கள். அதை மாட்டினேன். பிறகு பிளேடின் ஒரு பல்லில் ஸ்கெட்ச் பேனாவால் பொட்டு வைத்து, அந்தப் பல்லை முன்னால் நிறுத்திக் கைடுவரை அளந்தேன். அதே பல்லைச் சுற்றிப் பின்னால் கொண்டுபோய் மறுபடி அளந்தேன். இரண்டும் ஒரே அளவு. கைடு கோணல் இல்லை. கைடின் பூட்டை இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. பிளேடைக் கழற்றிக் கண்ணாடிமேல் வைத்தேன், எங்கும் தூக்கவில்லை. சுழலும் தண்டையும் ஆட்டிப் பார்த்தேன். ஒரு குறையும் சொல்ல முடியவில்லை.

“ஒண்ணும் இல்லியாண்ணா?” என்றான் சிவசங்கரன். முகம் சுருங்கிவிட்டது.

மத்தியானம் வேதநாயகி சாப்பாடு கொண்டுவந்தாள். களியும் கீரைக் கடைசலும். சுப்ரியா மேடம் எட்டிப் பார்த்து, “எனக்குக் கொஞ்சம் வையுங்க, வாசனை அங்க வரைக்கும் வருது” என்று ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டு போனார். நல்ல பெண்மணி. அப்படிப்பட்டவர் வீட்டில் வேலை தவறும்போதுதான் மனிதன் கூசிப்போகிறான். சாப்பிடும்போது சிவசங்கரன் இடது கையால் தண்ணீர் பாட்டிலை எடுத்தான். அது நழுவித் தரையில் உருண்டது. வேதநாயகி எதுவும் நடக்காததுபோல எடுத்து மூடியைத் திருகி வைத்தாள். பாட்டில் விழுவதற்கு முன்பே அவள் கை நீண்டுவிட்டதை நான் பார்த்தேன்.

சாப்பிட்டபின்தான் பிளேடைச் சாய்க்கிற பூட்டைத் தளர்த்தினேன். நேர்க்குத்துப் பார்க்கிற மூலைமட்டத்தைப் பிளேடோடு ஒட்டி வைத்தபோது மேலே இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. முள் தொண்ணூறு டிகிரி காட்டுகிறது, பிளேடு தொண்ணூறில் இல்லை. ஏதோ தடுக்கிறது. மேஜையைக் கவிழ்த்து டார்ச் அடித்தேன். பிளேடு நேராக வந்து முட்டி நிற்கிற இடத்தில் ஸ்டாப்பர் என்று ஒரு போல்ட் இருக்கும். அந்த போல்டின் தலைமேல் காய்ந்த மஞ்சள் கட்டியும், அதில் ஒட்டிக்கொண்டு ஒரு ஒற்றை ரூபாய் நாணயமும் இருந்தன.

ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்து வேதநாயகியின் உள்ளங்கையில் வைத்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அய்யய்யோ, பூஜயில மெஷினுமேல வெச்சதுண்ணா. மஞ்சள்ல புள்ளையாரு புடிச்சி, வெத்தலமேல இந்தக் காச வெச்சேன். மறுநாளு காசக் காணோம். இவருதான் பீடிக்கு எடுத்துக்கினாருன்னு சண்ட போட்டேன்.”

“போட்டாண்ணா. மூணு நாளு” என்றான் சிவசங்கரன். அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்து ஃபிளாட் வேலைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். “புள்ளையாரு உள்ள எறங்கி ஒக்காந்துக்கினாரு பாரு. நான் என்னென்னமோ நெனச்சிட்டேன்ணா. கண்ணுதான் போச்சா, கைதான் போச்சான்னு ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. ஒரு ரூவாக் காசு.”

நான் பிளேடை நேராக நிறுத்தி, ஒரு சாண் துண்டை என் கையால் அறுத்துக் காட்டினேன். மூலைமட்டத்தில் வெளிச்சம் துளிகூட இல்லை. மேடம் ஃபில்டர் காபி போட்டுக் கொடுத்தார். வேதநாயகி நாணயத்தைக் கழுவி, வேண்டுதலாக மஞ்சள் துணியில் முடியப்போவதாகச் சொன்னாள். புறப்படும்போது கதவோரம் வந்து மெல்லக் கேட்டாள்.

“இதுதானேண்ணா? வேற ஒண்ணும் இல்லியே?”

அந்த நாணயம் ஓரத்தைச் சாய்க்கும். ஆனால் பட்டியின் அகலத்தை அது குறைக்காது. முன்னால் நாலு அங்குலமாகத் தொடங்கியது பின்னால் அரை நூல் குறைந்ததற்கும் அந்தக் காசுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. முப்பது வருஷம் மெஷினோடு மல்லுக்கட்டினவனுக்கு அது தெரியாமல் இருக்குமா? தெரியும். காபி டம்ளர் கையில் இருந்தபோதே தெரியும். ஆனால் அந்த வீட்டில் அத்தனை பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“இதுதாம்மா” என்றேன்.

அதற்காக இன்றுவரை என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

சந்தில் எட்டு நாள் விசில் கேட்டது. ஒன்பதாவது நாள் வேதநாயகி மறுபடி வந்தாள். இந்தத் தடவை கையில் பட்டி இல்லை.

“மெஷினு திருப்பி அடிச்சிடுச்சிண்ணா. பலக பின்னால வந்து இவரு இடுப்புல மோதிச்சி. நல்லவேள, வயித்துல படல. எழுந்து ஒக்காந்துட்டு, கோவிந்தராஜண்ணனக் கூப்புடு, மெஷின்ல இன்னும் ஒரு காசு இருக்குதுன்றாரு.”

கடையைச் சாத்திவிட்டு அவளோடு ஆட்டோவில் போனேன். இடுப்பில் புடவைத் துணியைச் சுற்றிக்கொண்டு சிவசங்கரன் மெஷின் முன்னால் நின்றிருந்தான். சுவரில் புதிதாக ஒட்டின டைல்ஸ் ஒன்று உடைந்திருந்தது. மறுபடியும் கவிழ்த்துப் பார்த்தேன். ஸ்டாப்பர் சுத்தமாக இருந்தது. தகடு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. கைடை மறுபடி அளந்தேன். அப்புறம் மூன்றடி நீளத்தில் ஆறு பட்டிகளை நானே அறுத்தேன். நான் தச்சன் இல்லை. பலகை தள்ளுவதில் எனக்கு ஒரு பழக்கமும் கிடையாது. ஆறையும் அடுக்கி வைத்தால் ஒரே கட்டைபோல இருந்தன, முன்னும் பின்னும் நாலு அங்குலம்.

“இப்ப நீ ஒண்ணு அறுத்துக் காட்டு” என்றேன்.

அவன் நின்ற நிற்பில் குறையில்லை. பாதத்தை அகட்டி, பலகையைக் கைடோடு சேர்த்து, இடது கையை விரித்து அழுத்தினான். மெஷின் ஓடியது. பலகை பாதி தூரம் போனவரை எல்லாம் சரி. பிறகு அந்த இடது கை வைத்த இடத்திலேயே இருந்தது, விரல்களும் விரித்தபடியே இருந்தன, அழுத்தம் மட்டும் அதிலிருந்து போய்விட்டது. பலகை கைடை விட்டு மெல்ல விலகியது. மரம் கருகும் வாசனை வந்தது. சிவசங்கரன் கைடையே பார்த்துக்கொண்டு தள்ளிக்கொண்டிருந்தான். தன் கை தன்னைக் கைவிட்டது அவனுக்குத் தெரியவில்லை. நான் ஓடிப்போய் டிரான்ஸ்பார்மர் சுவிட்சை அணைத்தேன்.

“பாத்தியாண்ணா? நல்லாப் போயிக்கினே இருந்து திடீர்னு இழுக்குது. ஒனக்கு ஒழுங்கா அறுக்குது, எனக்கு மட்டும் இழுக்குது. மெஷினுக்கும் ஆளு தெரியுமா?”

பீடி பற்ற வைக்கிற சாக்கில் வெளியே போனேன். நான் பீடியை விட்டுப் பத்து வருஷம் ஆகிறது. வேதநாயகி படியில் உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள்.

“பாத்துட்டீங்களா” என்றாள்.

“எப்பருந்தும்மா?”

“ஆடியிலருந்தே. சட்ட பட்டன் போட பத்து நிமிஷம். லுங்கி மடிச்சிக் கட்டினா நிக்க மாட்டேங்குது. தூங்கறப்ப அந்தக் கைச் சத அது பாட்டுக்குத் துடிக்குது, நான் அமுக்கிப் புடிச்சிக்குவேன்.”

“அப்ப ஏம்மா ஆயுதபூஜக்கி அப்புறம்னு சொன்ன?”

“மெஷினா இருக்கட்டுமேன்னு ஒரு ஆசதாண்ணா.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அந்தக் காசு கெடச்சப்ப எனக்கு எப்டி இருந்துச்சி தெரியுமா? நானே தப்பு பண்ணியிருக்கேன், நான்தான் காரணம், இவருக்கு ஒண்ணும் இல்லன்னு.”

“நிமான்ஸுல நரம்பு டாக்டருங்க இருக்காங்க. பக்கத்துலதானே இருக்குது.”

அதைச் சொல்லும்போதே எனக்கு நாக்கு இடறியது. ஆடுகோடியில் பிறந்த குழந்தைக்குக்கூட அந்தப் பெயர் ஒரு வசவு. சண்டை வந்தால், உன்னை நிமான்ஸ் கேட்டில் விட்டுவிட்டு வருவேன் என்பார்கள். அங்கே நரம்பு, மூளை என்று எல்லாவற்றுக்கும் பெரிய வைத்தியம் நடக்கிறது. எங்கள் ஆட்களுக்கு அது பைத்தியக்கார ஆஸ்பத்திரி, அவ்வளவுதான்.

“ஒருதபா இட்டுக்கினு போனேன். கேட்டு வரைக்கும் வந்தாரு. நான் இன்னா பைத்தியமான்னு கேட்டுட்டு, திரும்பி நடந்தே ஊட்டுக்கு வந்துட்டாரு. வேல இருக்கிற வரைக்கும் வர மாட்டாருண்ணா. மெஷினு ஒக்காந்துட்டா இவரும் ஒக்காருவாரு. அப்ப எப்டியாவது இட்டுக்கினு போயிடுவேன்.” என் கையைப் பிடிக்க வந்தவள் பிடிக்காமல் கும்பிட்டாள். “மெஷினு கெட்டுப்போச்சின்னு சொல்லிடுங்கண்ணா. நீங்க சொன்னா நம்புவாரு.”

நான் மெஷினைச் சரி செய்கிறவன். ஓடுகிற மெஷினைக் கெட்டுப்போனது என்று சொன்னதே கிடையாது. உள்ளே போய்க் கைடின் பூட்டை இரண்டு தடவை திருகிப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

“சிவா, இந்த லாக்கு உள்ள தேஞ்சிபோச்சி. பாதியில ஸ்லிப்பாவுது. பார்ட்டு மாத்தணும்.”

“எஸ்.பி. ரோடு பார்ட்ஸ் கடையில கெடைக்குமா?”

“இது அமெரிக்கா சாமான். அங்கருந்துதான் வரணும். கடைக்கு எடுத்துக்கினு போறேன்.”

அவன் என்னை ரொம்ப நேரம் பார்த்தான். “பார்ட்டா?”

“பார்ட்டு.”

“சரிண்ணா” என்றான். மெஷினை ஆட்டோவில் ஏற்றும்போது வலது கையால் மட்டும் பிடித்தான். மிச்ச சமையலறையை வேறு ஆள் வைத்து முடித்துக்கொள்கிறேன், நீங்கள் உடம்பைப் பாருங்கள் என்று மேடம் சொன்னபோது அவரிடமும் அதே ‘சரி’தான் சொன்னான்.

மெஷின் என் கடையின் உள்அறையில் கோணி போர்த்திக் கிடந்தது. வேதநாயகி சொன்னபடியே செய்தாள். கார்த்திகை மாசக் குளிரில் இருவரும் காதுவரை துணி சுற்றிக்கொண்டு என் கடையைத் தாண்டிப் போவார்கள். பஸ்ஸில் போனால் கண்டக்டர் நிமான்ஸ் நிமான்ஸ் என்று கத்துவான், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நடந்தே போனார்கள். நாலைந்து தடவை போனபின் ஒருநாள் காலையில் அவள் மட்டும் வேகமாகக் கடைக்கு வந்தாள். அவளை அவ்வளவு தெளிவான முகத்தோடு நான் பார்த்தது இல்லை.

“நேத்து பெரிய டாக்டரு பாத்தாருண்ணா. கூட ஏழெட்டு படிக்கிற புள்ளைங்க. இவரக் கையத் தூக்கச் சொல்லி, நாக்க நீட்டச் சொல்லி, அந்தப் புள்ளைங்களுக்கு இங்கிலீஷ்ல சொல்லிக் குடுத்தாரு. ப்ரோக்ரஸிவ், ப்ரோக்ரஸிவ்னு மூணு தபா சொன்னாரு. நான் எண்ணிக்கினே இருந்தேன்.”

“ஒங்ககிட்ட இன்னா சொன்னாரு?”

“கன்னடத்துல, இன்னும் டெஸ்டு இருக்கு, அடுத்த வாரம் வாங்க, வீட்டுப் பெரியவங்க யாருனா கூட வரட்டும்னாரு. அது கெடக்கட்டும். சைட்டுல மேடம் வந்தாக்கா மொதல்ல இன்னா கேப்பாங்க? ப்ரோக்ரஸ் எப்டி இருக்குன்னுதானே. வேல நல்லா நடந்தா ப்ரோக்ரஸ் நல்லா இருக்குன்னுவாங்க. நல்ல வார்த்ததானேண்ணா அது?”

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் மோட்டார் தகட்டில் இருப்பது மட்டும்தான். அந்த வார்த்தைக்கு டாக்டர் வாயில் என்ன அர்த்தம் என்று நிச்சயமாக எனக்குத் தெரியாது. ஆனால் நல்ல சேதி சொல்கிற டாக்டர் வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிவரச் சொல்வாரா? அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நல்ல வார்த்ததாம்மா.”

“அப்ப மெஷின ரெடி பண்ணி வெச்சிடுங்கண்ணா. தை பொறந்ததும் வேலைக்குப் போவட்டும். நாளைக்குச் சாயந்தரமா வந்து ஒருதபா பாக்கறேன்.” போகிற போக்கில் திரும்பிச் சொன்னாள். “பார்ட்டு வந்துடுச்சின்னே சொல்லிக்கலாம்.”

அன்று மத்தியானம் சிவசங்கரன் வந்தான். கடையில் வேறு யாரும் இல்லை. ஓசூர் ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஸ்டூலில் உட்கார்ந்து இடது கையை வலது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டான், தூங்குகிற குழந்தையை நகர்த்தி வைப்பதுபோல.

“வேதா வந்தாளா?”

“வந்துச்சி.”

“ப்ரோக்ரஸ்னு சொன்னாளா?”

தலையாட்டினேன்.

“மேடம்கிட்டப் போயிருந்தேன் காலையில. நிமான்ஸ் சீட்டக் காட்டிக் கேட்டேன். அவங்களுக்குச் சொல்ல மனசில்ல. நான் விடல. சொல்லிட்டு அழுதுட்டாங்க பாவம்.” சிவசங்கரன் ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசினான். “வளந்துக்கினே போவுதாம்ணா. சீக்குக்குதான் ப்ரோக்ரஸ். மொதல்ல இந்தக் கை, அப்புறம் அந்தக் கை, காலு. மருந்து இல்லியாம்.”

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். வேறு டாக்டரைப் பார்க்கலாம், வேலூருக்குப் போகலாம் என்று உலகத்தில் எல்லாரும் சொல்வதையாவது சொல்லியிருக்கலாம். மேஜைமேல் கிடந்த செப்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தேன்.

“அன்னிக்குப் பார்ட்டு தேஞ்சிபோச்சின்னியே, அப்பவே தெரியும்ணா. ஒனக்குப் பொய் சொல்ல வராது.”

“சிவா…”

“வேதாக்குத் தெரிய வேணாம். அவளாத் தெரிஞ்சிக்கறப்ப தெரிஞ்சிக்கட்டும். பொங்கல் வரைக்குமாச்சும் சிரிச்சிக்கினு இருக்கட்டும்.” சட்டைப் பையிலிருந்து வலது கையால் எதையோ எடுத்து மேஜைமேல் வைத்தான். அந்த ஒற்றை ரூபாய். ஓரத்தில் இன்னும் மஞ்சள் ஒட்டியிருந்தது. “நாளைக்கு வந்து மெஷினப் பாக்கறேன்னு ஊட்டுல சொன்னா. இத எடுத்த எடத்துலயே வெச்சிடுண்ணா.”

“இது வேண்டுதல் காசாச்சே. சாமிக்கு முடிஞ்சது.”

“அதுல வேற ஒரு ரூவா வெச்சி முடிஞ்சிட்டேன். அவ மளிகக் கடைக்குப் போயிருந்தப்ப. ஒத்தக் கையில அந்த முடிச்ச போட முக்கா மணி நேரம் ஆச்சி, பல்லால இழுத்து இழுத்து.” சிரிக்கப் பார்த்தான். “அவ மூலைமட்டம் வெச்சிப் பாக்கக் கத்துக்கினா, அன்னிக்கு நீ செய்யறதப் பாத்து. பார்ட்டு கத பொய்னு அவளுக்குத் தெரியும், அதனால வெச்சிப் பாத்தா மெஷின்ல நெஜமாவே கோளாறு இருக்கணும். இன்னும் சரியாவலன்னு நீ சொல்லணும். மெஷினு சரியாவுற வரைக்கும் நான் ஏன் வேலைக்குப் போவலன்னு அவ கேக்க மாட்டா.”

உள்ளே போய்க் கோணியை விலக்கினேன். மேஜையைக் கவிழ்த்து, ஸ்டாப்பர் போல்டின் தலையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, நாணயத்தை வைத்து அழுத்தினேன். முப்பது வருஷத்தில் ஒரு மெஷினுக்குள் நானே கோளாறு வைத்தது அன்றைக்குத்தான். நிமிர்த்தி வைத்து, பிளேடை முழு உயரத்துக்கு ஏற்றி, நேரே கொண்டுவந்து நிறுத்தினேன். முள் தொண்ணூறு காட்டியது. மூலைமட்டத்தை ஒட்டி வைத்தேன். மேலே வெளிச்சம் தெரிந்தது.

சிவசங்கரன் பக்கத்தில் வந்து, மடியில் கிடந்த கையை இப்போது இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு கண்ணை மூடிக் குனிந்து பார்த்தான். வேலைக்காரன் பார்க்கிற பார்வை, அதில் எந்தக் குறையும் வரவில்லை.

“அர நூலு இருக்குமாண்ணா?”

“இருக்கும்” என்றேன்.

“போதும்” என்றான்.